மாடு இல்லாத சொல்

லூக்காவின் சுவிசேஷத்தில் தொழுவம் கிடையாது. மாடு கிடையாது, கழுதை கிடையாது, கூரையும் கிடையாது. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றியது, தீனித் தொட்டியில் படுக்கவைத்தது, தங்குமிடத்தில் இடம் இல்லாமல் போனது – இந்த மூன்று தகவல்களோடு லூக்கா நகர்ந்துவிடுகிறார். தொட்டிக்கு அவர் இட்ட கிரேக்கச் சொல் ஃபாத்னே. டிசம்பர் மாதத்தில் உலகம் பூராவும் வைக்கோலும் களிமண் பொம்மைகளுமாக எழும்புகிற காட்சி மொத்தமும் அந்த ஒரு பெயர்ச்சொல்லிலிருந்து ஊகித்துக் கட்டப்பட்டது. தொட்டி இருந்தால் மாடு இருந்திருக்க வேண்டும். மாடு இருந்தால் கொட்டகை இருந்திருக்க வேண்டும். ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் ஒரு மாடும் ஒரு கழுதையும் வெகுகாலமாக நின்றுகொண்டிருந்தன. பிற்காலத்தவர் அவற்றை ஓட்டிக்கொண்டுவந்து இங்கே கட்டினார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்பவர் அது ஒரு குகை என்று எழுதிவிட்டார். 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் அசல் மாட்டையும் அசல் கழுதையையும் நிறுத்தி, வைக்கோலைப் பரப்பியபோது ஊகம் ஸ்தூலமாயிற்று. அதற்குப் பிறகு அந்தக் காட்சிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர் வைத்த ஒவ்வொரு மொழியும் தன்னுடைய ஊகத்தை அதில் வெளியிட்டுக்கொண்டது.

இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். பக்தி காரணமல்ல. ஆங்கிலத்திலிருந்து சில கவிதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வேலை, ‘மேஞ்சர்’ என்ற இரண்டசைச் சொல்லில் வந்து இரண்டு வாரம் நின்றுவிட்டது. பகல் முழுக்க வங்கியில் மேனேஜர், மேனேஜர் என்று காதில் விழுகிறவனுக்கு அந்தச் சொல்லை மறப்பதும் சாத்தியமில்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “குடில்னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போங்க சார். யாருக்குப் புரியாது?” என்றார். வாஸ்தவம், எல்லோருக்கும் புரியும். எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிற சொல்லிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தின் விளைவுதான் இக்கட்டுரை.

தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை நான் தினமும் ரயிலில் போய்வருகிறேன். 1931இல் மின்சார ரயில் வந்த பாதை. இந்தச் சின்னத் தூரத்துக்குள் ஒரே பொருளுக்குக் குறைந்தது நான்கு பெயர்கள் புழங்குகின்றன. பரங்கிமலை உச்சியில் 1523இல் போர்த்துக்கீசியர் கட்டிய கோயில், பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மாதாவுக்கு உரியது. அந்த மாதாவின் திருநாள் டிசம்பர் 18, கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. மலையடிவாரத்தின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அது ‘கிரிப்’. பல்லாவரம், குரோம்பேட்டைத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் குடில். விமானப்படை, ரயில்வே உத்தியோகங்களுக்காகத் தாம்பரத்தில் வந்து தங்கிவிட்ட மலையாளிகளுக்குப் புல்கூடு. பழைய சீர்திருத்த சபைக் குடும்பங்கள் சிலவற்றில் பொம்மை வைக்கும் வழக்கம் வெகுநாள் இருந்ததில்லை. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும், அவ்வளவுதான். ஆனால் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: முன்னணை. என் தெருவில் ஒரு மாமி இவை எதையும் ஏற்காமல் “கிறிஸ்துமஸ் கொலு” என்பார். மாமி சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. மதுரைக்கு அருகே விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற அதே கைகள்தான் டிசம்பருக்கு மரியாளையும் சூசையையும் செய்கின்றன.

தாம்பரத்துக்கு இந்த விஷயத்தில் வேறொரு பாத்தியதையும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே இடம் பெயர்ந்தது 1937இல். அடுத்த ஆண்டு, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சர்வதேச மிஷனரிக் கவுன்சிலின் மாநாடு அந்தக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 470 பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஆக, அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் அவர்களுக்குத் தாம்பரத்தில். தம்மூரில் அதே பகுதியைத் தம் பாஷையில் வாசித்துப் பழகிய அத்தனை பேர் ஒரே புதர்க்காட்டு வளாகத்தில் கூடியிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தொட்டி, அதைச் சுற்றி அத்தனை பெயர்கள்.

இந்தப் பெயர்களை நான் எனக்காக இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். லூக்காவை ஒட்டியே நின்ற மொழிகள் முதல் வகை. இத்தாலியரின் பிரெசேப்பே, பிரெஞ்சுக்காரர்களின் க்ரேஷ், ஜெர்மானியரின் க்ரிப்பே, ஆங்கிலத்தின் கிரிப் – எல்லாம் தீனித் தொட்டிதான். தொட்டியைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனவர்கள் இரண்டாம் வகை. டச்சுக்காரர்கள் கிறிஸ்துமஸ் லாயம் என்கிறார்கள். போலந்தில் ஷோப்கா, கொட்டகை. ருஷ்ய மொழியும் உக்ரைனிய மொழியும் குகைக்குப் போயின: வெர்தெப். ருஷ்ய மொழியில் அதே சொல்லுக்குக் கள்ளர் குகை என்றும் பொருள் உண்டு. ஸ்பானியர்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்: பெலென். செக், ஹங்கேரி மொழிகளிலும் அப்படித்தான். ஸ்பானிய மொழியில் ஒருவன் ‘பெலெனில் இருக்கிறான்’ என்றால் கவனம் எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். லண்டனில் 1247இல் பெத்லெகேம் பெயரில் தொடங்கிய மடம் பின்னால் மனநோய் மருத்துவமனையாகி, அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ‘பெட்லம்’ என்று கூச்சல் குழப்பத்துக்குச் சொல்லாகிவிட்டது. புனிதமான சொல்லென்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. சொல் தெருவில் இறங்கினால் தெருவுக்குரியதாகிவிடும்.

போலந்துச் சொல்லில் ஒரு விசேஷம். கிராக்கோவ் நகரத்தில் ஷோப்கா என்ற பெயரில் இன்று செய்யப்படுபவை கொட்டகைகளே அல்ல. அந்நகரின் கோபுரங்களும் மாடங்களும் சேர்ந்த, வண்ணத்தகடு போர்த்திய மாளிகைகள். 2018இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பொருள் மாளிகையானபோதும் பெயர் கொட்டகையாகவே நிற்கிறது. அந்தப் பெயர் இருக்கிறவரை மாளிகைக்குள் எங்கோ சாணி வாசனை இருந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் அக்கம்பக்கத்துக்கு வரலாம். தெலுங்கு வேதாகமத்தில் அது பசுக்களின் தொட்டி. மலையாளத்தில் பசுத்தொட்டி, புல்தொட்டி. பொம்மைக் காட்சிக்குப் புல்கூடு. கன்னடத்தில் கோதலி, மாட்டுத் தீனித் தொட்டி. இந்தியில் சரனி, மேய்ச்சலோடு சம்பந்தப்பட்ட சொல். கோவாவின் கொங்கணியில் கோட்டோ, பச்சையாக மாட்டுக் கொட்டில். ஒவ்வொன்றிலும் மாடோ புல்லோ தொட்டியோ ஏதாவது ஒன்று மிஞ்சி நிற்கிறது. தமிழில் நாம் சொல்வது குடில். யாழ்ப்பாணத்தில் பாலன் குடில். (கிறிஸ்துமஸையே போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கி நத்தார் என்று சொல்லும் ஊர் அது. குடிலை மட்டும் யாரிடமும் வாங்கவில்லை.) இந்தச் சொல்லில் மாடு இல்லை, புல் இல்லை, தொட்டி இல்லை. மனிதர் வசிக்கிற இடம் மட்டும் இருக்கிறது. சுற்றியுள்ள மொழிகள் எல்லாம் மாட்டை உள்ளே வைத்துக்கொண்டபோது தமிழ் மட்டும் அதை அவிழ்த்துவிட்டது எப்படி?

தமிழுக்கு வேறு சொற்கள் இல்லாமலா போயிற்று? தொழுவம் இருந்தது. பிரசங்கிகளுக்கு அதில் ஒரு சௌகரியம் – ‘தொழு’ என்றால் மாடு கட்டுமிடமும் ஆயிற்று, வணங்குவதும் ஆயிற்று. கொட்டில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சில் மாட்டுக் கொட்டாய் இன்றும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக முன்னணை இருந்தது. ஹென்றி பவர் தலைமையில் முடிந்து 1871இல் வெளியான திருத்திய வேதாகமத்தில் உள்ள சொல் இது. முன்னால் உள்ள அணை. தீனி சிதறாமல் மாட்டின் முகத்துக்கு நேரே எழுப்பிய தடுப்பு. லத்தீன் பிரேசேப்பேயும் ‘முன்’ என்பதையும் ‘வேலியிடுதல்’ என்பதையும் சேர்த்துச் செய்த சொல்தான். இரண்டு பாஷைகள், ஒன்றையொன்று பாராமல், ஒரே மாட்டின் எதிரே நின்று ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு ஆழமும் உண்டு. அணை என்றால் படுக்கை, பஞ்சணை என்பதுபோல. அணை என்றால் தழுவு. ஒரு குழந்தையை இறக்கிவைப்பதற்கு இதைவிட நல்ல சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் வட்டாரத்தில் மாடு வைத்திருக்கிற எவரும் முன்னணை என்று சொல்லி நான் கேட்டதில்லை. வேதப்புத்தகத்துக்குள்ளேயே வயதாகிப்போன சொல் அது.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு முன்னணையை விட்டுவிட்டுத் தீவனத் தொட்டி என்று போட்டது. அதேபோலப் பழைய ‘சத்திரம்’ புதியதில் ‘விடுதி’ ஆயிற்று. மாற்றம் சின்னதாகத் தெரியலாம். சத்திரம் என்பது தர்மம். காசில்லாதவனுக்கும் கூரையும் சோறும் தருவதாகச் சொல்லி ஒருவர் கட்டிவைத்த இடம். அங்கே இடமில்லை என்றால் ஓர் ஊரின் தர்மமே கைவிரித்துவிட்டது என்று ஆகிறது. விடுதியில் இடமில்லை என்பது சீசன் நேரத்தில் எவருக்கும் நேர்வது. இதில் எது லூக்காவுக்கு நெருக்கம் என்று கேட்டால் இரண்டுமே இல்லை என்று சொல்லிவிடலாம். நல்ல சமாரியன் கதையில் வரும் சத்திரத்துக்கு லூக்கா இடும் கிரேக்கச் சொல் வேறு, இங்கே இடும் சொல் வேறு. பழைய தமிழ் வேதாகமம் இரண்டையும் சத்திரம் என்றே சொல்லிற்று. இங்கே உள்ள ‘கத்தாலுமா’ ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று கென்னத் பெய்லி போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாலஸ்தீனக் கிராமங்களில் ஏழை வீடு ஒரே அறை. ராத்திரியில் மாடும் அதன் தாழ்ந்த பக்கத்தில் வந்து கட்டிக்கிடக்கும். தொட்டி அந்தத் தரையிலேயே இருக்கும். அப்படியானால் குழந்தை பிறந்தது லாயத்தில் அல்ல, இடநெருக்கடியுள்ள ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள். குடில் என்ற தமிழ்ச் சொல் தெரியாமலே சரியான வாசலைத் தட்டியிருக்கிறது என்றுகூட இதைவைத்து வாதிடலாம். அப்போதும் மாடு உள்ளே இருந்தாக வேண்டும்.

தொட்டி என்ற சொல்லுக்குச் சென்னையில் என்ன கதி என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டுத்தொட்டி என்றால் இங்கே ஆடறுக்கும் இடம். தொட்டி என்று மட்டும் சொன்னால் பலருக்கு முதலில் நினைவு வருவது குப்பைத் தொட்டி. அதே சொல்லோடு ‘ல்’ சேர்த்தால் தொட்டில். ஆங்கிலத்தில் கிரிப் என்ற ஒரே சொல் மாட்டுத் தொட்டிக்கும் குழந்தைக் கட்டிலுக்கும் ஆவதுபோல, தமிழில் ஓர் எழுத்து இடைவெளியில் இரண்டும் நிற்கின்றன. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாமென்று கொல்லப்பட்டுவந்த, வீசப்பட்டுவந்த பெண் சிசுக்களை ஏற்றுக்கொள்வதற்கு அரசாங்கம் வெளியே தொட்டிலை வைக்கவேண்டியிருந்தது. தொட்டிக்கும் தொட்டிலுக்கும் நடுவே உள்ள அந்த ஓர் எழுத்தில் ஒரு சமூகத்தின் மனசாட்சி ஊசலாடியிருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லும் இப்படித்தான் ஒரு நகரத்துக்குள் நடந்தது. 1844இல் ஃபிர்மின் மார்போ என்பவர் பாரிஸில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தொடங்கி, அதற்கு க்ரேஷ் என்றே பெயரிட்டார். அந்த மாட்டுத் தொட்டிதான் 2017இல் திருத்திய பேறுகாலப் பயன்கள் சட்டத்தில், 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் இருந்தாக வேண்டிய குழந்தைக் காப்பகமாக நம்மிடம் வந்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் ‘கிரெச்’ என்று சொல்லிக்கொண்டு குழந்தையை இறக்கிவிடுகிற பெண்களுக்கு அது பெத்லெகேமின் தொட்டி என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. சொல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

குடில் இப்படி எந்த வேலையையும் செய்ததாகத் தெரியவில்லை. அதற்கு எப்போதும் முனிவர்கள்தான் குடித்தனக்காரர்கள். பாடப்புத்தகத்தில் ஆற்றங்கரையில் இருக்கும், பக்கத்தில் ஒரு மான் நிற்கும். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளிர்சாதனம் வைத்து நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மனிதர்கள் அசலாக வசித்த ஓலை வீட்டுக்கு வேறு பெயர்: குடிசை. இரண்டுக்கும் வேர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸ் குடிசை என்று யாரும் சொல்வதில்லை. குடிசைக்கு அரசாங்கத்தில் வாரியம் இருந்தது: 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. மாற்றப்படவேண்டியது குடிசை; ரசிக்கப்படவேண்டியது குடில். வறுமையை எடுத்துக்கொண்டு, அதன் புகையையும் ஒழுகலையும் கழித்துவிட்டு, கூரையின் கோட்டை மட்டும் வைத்துக்கொள்கிற சொல் அது. நம் புதுக்கவிதையிலும் இந்தக் குடில் மனோபாவம் நிறையவே உண்டு. பசி என்று எழுதினால் படிமமாகிவிடும். அந்தப் படிமத்துக்குள் யாரும் பசியோடு இருக்கமாட்டார்கள்.

இந்த முடிவோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் போன டிசம்பரில் சுயஉதவிக் குழுக் கடன் சம்பந்தமாக ஒரு சக ஊழியரோடு பெரும்பாக்கம் போகவேண்டி வந்தது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கொண்டுவந்து வைக்கப்பட்ட எட்டடுக்குக் கட்டிடங்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்காம் மாடிப் படித் திருப்பத்தில், வருவோர் போவோருக்கு அரையடி வழிவிட்டு, ஒரு பையன் சாக்குத் துணியும் தென்னங்கீற்றுமாகக் கட்டிக்கொண்டிருந்தான். பத்து வயதிருக்கும். பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சக ஊழியர் உற்சாகமான மனிதர். “குடிசை சூப்பரா இருக்குடா” என்றார்.

“குடிசை இல்ல சார், குடிலு” என்றான் பையன், தலை நிமிராமல்.

பாட்டி சிரித்துக்கொண்டு, “குடிசைல நாங்கதாம்பா இருந்தோம். இது சாமி இருக்கற எடம்” என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் சந்தேகத்துக்கு ஆதரவான சாட்சியம்தான்: தமிழ், சாமியை எங்களோடு இருக்கவிடவில்லை, தனிச் சொல்லில் குடிவைத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் பாட்டியின் குரலில் புகார் இல்லை. குடிசை என்பது கோப்பில் எழுதப்பட்டு, கணக்கெடுக்கப்பட்டு, அப்புறப்படுத்தப்பட்ட சொல். அதைப் பிறத்தியார் அவளுக்கு வைத்தார்கள். குடில் என்பது அவள் பேரன் தன் கையால் கட்டிக்கொண்டிருப்பது. அதற்கு எந்த வாரியமும் இல்லை. எனக்கு அலங்காரமாகத் தெரிந்த சொல் அவளுக்கு மரியாதையாக இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்பதை எப்படிக் கட்டுரையாக்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடலோரச் சாலையில் குடிலை வாடகைக்கு எடுக்கிறவனிடம் அந்தச் சொல்லைப் பற்றிச் சண்டை போடலாம். இந்தப் பையனிடம் போட முடியாது.

குடிலுக்குள் ஒரு பிளாஸ்டிக் மாடு இருந்தது. குழந்தை யேசுவைவிட இரண்டு மடங்கு பெரிசு. அதன் முன்னால் பாதியாக வெட்டிய ஷாம்பு பாட்டிலில் கொஞ்சம் வைக்கோல். “இது என்னடா?” என்று கேட்டேன். “தொட்டி சார்” என்றான். பாட்டி விளக்கம் சொன்னாள்: “கழனித் தண்ணி வெப்பமே, அது.” ஆற்றங்கரையில் இருந்தபோது அவள் மாடு வைத்திருந்தாளாம். நான்காம் மாடியில் மாடு வைக்க முடியாது.

ஆக, அந்தக் கட்டுமானத்தில் முழுசுக்கு ஒரு பெயரும் உள்ளே இருப்பதற்கு வேறொரு பெயரும் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. வெளியே குடில், உள்ளே தொட்டி. கழற்றிவிடப்பட்ட மாடு, சொல்லுக்குத் தெரியாமல் உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பில் தொட்டி என்றே போட்டேன். தீவனத் தொட்டி என்றுகூட இல்லை, வெறும் தொட்டி. நண்பர் கைப்பிரதியைப் படித்துவிட்டு, “குப்பைத் தொட்டின்னு நெனச்சுப்பாங்க சார்” என்றார். நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். லூக்காவின் காலத்து வாசகன் ஃபாத்னேயைக் கேட்டபோது அவனுக்கு ஜரிகையும் நட்சத்திரமும் தோன்றியிருக்காது. மாட்டு எச்சிலும் ஈயும் தோன்றியிருக்கும், அங்கே ஒரு குழந்தையா என்று ஒரு கணம் திடுக்கிட்டிருப்பான். அந்தத் திடுக்கிடலைக் குடிலால் தர முடியாது. முன்னணையால் முடியும், ஆனால் அதற்கு முதலில் அகராதியைப் புரட்ட வேண்டும். அகராதியைத் தேடிப் போகிறவன் திடுக்கிடுவதில்லை.

முன்னணையை விட்டதில் வருத்தம் உண்டு. என் குறிப்பேட்டில் அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். வேறொரு கவிதைக்கு அது உதவக்கூடும். இந்தக் கவிதைக்குத் தேவைப்பட்டது மாடு வாய் வைக்கிற ஒரு சொல். சேலையூர்ச் சந்துகளில் இன்னும் சில மாடுகள் நிற்கின்றன. சிமெண்டிலோ அறுத்த டிரம்மிலோ அவற்றுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். எதில் காட்டினாலும் அதன் பெயர் தொட்டிதான்.